முன்னால் ஒன்று போதும்

"முதல்லதா, ரெண்டாவதா?"

இருட்டறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணெதிரே ஒரு வில்லையை வைத்து, எடுத்து, இன்னொன்றை வைக்கிறார் கண்ணாடிக்கார அம்மா. எதிர்ச் சுவரிலுள்ள எழுத்துகள் கூர்மையாகின்றன, மங்குகின்றன. வந்தவர் தயங்குகிறார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு."

"இருக்காது. அவசரமில்ல, பாத்துச் சொல்லுங்க. முதல்லதா, ரெண்டாவதா?"

மூன்றாவதாக ஒன்றை அவர் எவருக்கும் காட்டுவதில்லை. மூன்றைக் காட்டினால் மனிதன் பார்ப்பதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்துவிடுவான் என்பது அவர் கட்சி. வருடக்கணக்கில் இந்த ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, அது கடைக்கு வெளியேயும் அவர் கூடவே நடக்கத் தொடங்கிவிட்டது. திரைச்சீலை வாங்கப் போனால், கடைக்காரர் ஆசையாக விரித்துப் போட்டதையெல்லாம் சுருட்டச் சொல்லி, இரண்டை மட்டும் நிறுத்திக்கொள்வார். அதில் ஒன்று தோற்கும். ஜெயித்ததன் பக்கத்தில் இன்னொன்று வந்து நிற்கும். கடைக்காரர் பெருமூச்சு விடுவார்.

கடையின் பின்னறையில் உட்கார்ந்து, சட்டத்தின் அளவுக்கு வில்லைகளின் விளிம்பைத் தேய்த்துக் கொடுப்பவர் அவருடைய வீட்டுக்காரர். இயந்திரம் ஓடாத நேரத்தில் மட்டும் அவர் குரல் வெளியே கேட்கும். "என்னையும் இப்படி யாரு பக்கத்துலயோ நிறுத்தி வச்சுப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா. அந்த முதல் ஆளு யாருன்னுதான் இன்னும் சொல்ல மாட்டேங்கிறா."

"அந்த ஆளு பேச மாட்டாரு" என்பார் அம்மா, வில்லையைத் துடைத்துக்கொண்டே. பின்னறையில் இயந்திரம் உடனே ஓட ஆரம்பிக்கும்.

அம்மா ஐம்பதைத் தாண்டியவர். குட்டையான உருவம், அகலமான தோள், கழுத்தோடு வெட்டிய நரைமுடி. நடக்கும்போது கைகளை வீசுவதில்லை. எதையோ சுமந்து போகிறவர்போல உடம்போடு ஒட்டி வைத்திருப்பார். பூட்டுச் சாவிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே அவர் கடை. தெருவிலிருந்து உயரமான படிகளில் ஏறி வர வேண்டும். அந்தப் படிகளைத் தாழ்த்திக் கட்டச் சொல்லிப் பலர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. காரணம் இருக்கிறது. நாற்காலியில் உட்கார வைத்து அளவெடுத்து முடித்ததும் அவர் கண்ணாடிக்கு உத்தரவு எழுதிவிடுவதில்லை. சோதனைக்கான அந்தக் கனத்த உருண்டைச் சட்டத்தை மூக்கில் மாட்டியபடியே படியிறங்கி, தெருவைப் பார்த்துவிட்டு, திரும்ப ஏறி வரச் சொல்வார். அந்தத் தெருவில் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. வெட்கத்தோடு ஒருவர் கைப்பிடிச் சுவரைத் தடவி இறங்குவார். வாசலில் இடுப்பில் கை வைத்து அம்மா நிற்பார். "நாற்காலியில உக்காந்தா எல்லாருக்கும் நல்லாத்தான் தெரியும். படி தெரியுதா, அதைச் சொல்லுங்க."

கடைக்குள், முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே, ஒரு மலைச் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. தெருவில் விட அவருக்கு மனசு வராது. சட்டம் பார்த்து வாங்க வருகிறவர்கள், கண்ணாடியில் தங்கள் முகத்தையும் பின்னால் ஒரு கைப்பிடியையும் சேர்த்தே பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டால், "சட்டம் உங்களுக்கு, சைக்கிள் எனக்கு. மாத்தி எடுத்துட்டுப் போயிடாதீங்க" என்பார்.

ஏன் சைக்கிள் என்பதற்கு அவரிடம் பெரிய பதில் இல்லை. வாரம் முழுக்க அவர் பார்வை கடையின் நீளத்தைத் தாண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது தூரமாக எதையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஊருக்குப் பின்னால் மலை இருக்கிறது. மலைமேல் காட்டுத்தீயைக் கவனிக்கும் கோபுரம் இருக்கிறது. அதுவரை மண்பாதை இருக்கிறது. ஞாயிறு காலையில் அந்தப் பாதையில் ஏறும் ஒரு கூட்டத்தோடு அவரும் சேர்ந்துகொண்டார். கூட்டத்தை நடத்துகிறவர் ஒரு பிளம்பர். அம்மாவின் தம்பியும் அதில் உண்டு; அலுவலகக்காரன், அக்காவைவிடப் பத்து வயது இளையவன், எடை குறைந்த விலையுயர்ந்த சைக்கிள் வைத்திருப்பவன், நல்ல மனசுக்காரன். கடைசிக் குணம்தான் அம்மாவுக்குச் சில சமயம் தாங்க முடியாமல் போகும்.

கோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாதை செங்குத்தாகி, உருளும் கற்களோடு ஒரு பக்கமாகத் திரும்புகிறது. கல்வளைவு என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் அம்மா ஒவ்வொரு தடவையும் கால் ஊன்றினார். அவர் சைக்கிளில் முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. பெருக்கினால் இருபத்துநாலு கியர் என்று சட்டத்தில் பெருமையாக எழுதி ஒட்டியிருந்தது. அதில் பல ஒன்றையொன்று திருப்பிச் சொல்கிறவை. ஏற்றத்தின் அடியில் வந்ததும் முன்னால் நடுச்சக்கரத்திலிருந்து சின்னதுக்கு மாற வேண்டும். மிதியில் பாரம் இருக்கும்போது மாற்றினால் செயின் சின்னதையும் தாண்டி விழுந்து, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே போய் மாட்டிக்கொள்ளும். அவர் இறங்குவார். விரலெல்லாம் கறுப்பாக்கி அதைப் பிடுங்கியெடுப்பார். மேலே எல்லாரும் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்கள் முகத்தில் இருக்கும் அந்தப் பொறுமையை அவர் வெறுத்தார்.

"என் பழைய சைக்கிள் சும்மாதானேக்கா கிடக்கு. எடுத்துக்கோயேன்" என்றான் தம்பி ஒரு நாள்.

"சின்ன வயசுல என் பழைய ஸ்வெட்டரை நீதான்டா போட்ட. அந்தப் பழக்கத்தை இப்பத் திருப்ப வேண்டாம்."

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் வருகிற மாதம் கூட்டம் மலைமுகட்டு வழியாக இரண்டு நாள் பயணம் போவதென்று முடிவாயிற்று. கோபுரத்துக்கு அப்பால், அவர் இதுவரை பார்த்திராத பக்கம். அம்மா முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். பிளம்பர் தன் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ சங்கடமாகச் சொல்லப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பக்கம் கல்வளைவு மாதிரி வரிசையா வரும். வண்டி வந்து தூக்கிட்டுப் போறதுக்கு ரோடு கிடையாது. ஒருத்தர் நடந்தா எல்லாரும் நடக்கணும். அதுக்குள்ள ஒரு தடவை கல்வளைவை இறங்காம ஏறிக் காட்டிட்டீங்கன்னா, நானே உங்க பையைச் சுமக்கிறேன்."

"என் பையை நான் சுமப்பேன்" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். பிளம்பர் சொன்னதில் தப்பில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தப்பிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுச் சைக்கிள்கடைக்குப் போனார். கூரையிலிருந்து சக்கரங்கள் தொங்கும், ரப்பர் வாசனை அடிக்கும் நீளமான கடை. கடைக்காரர் ஒல்லி, பேசும்போது எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார், சைக்கிளைத்தான் பார்ப்பார். முன்னால் மூன்றையும் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்று போட்டுக்கொள்ளலாம், அப்படிப் போட்டால் முன்பக்கம் மாற்றவே வேண்டியதில்லை, மாற்றாதபோது செயின் விழவும் விழாது என்று அவர்தான் முன்பே சொல்லியிருந்தார். அந்த ஒன்றின் பற்கள் ஒன்று தடிமன், ஒன்று மெலிசு என்று மாறி மாறி வரும். செயினின் கண்ணிகளும் அப்படித்தான் என்பதால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். முன்னால் குறைவதைப் பின்னால் ஈடு கட்ட வேண்டும். பின்னால் ஒரு பல்சக்கரம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

"சிக்கனமா முடியணும். சைக்கிள் அதேதான், நான் அதேதான். மாத்த வேண்டியதை மட்டும் மாத்துங்க."

கடைக்காரர் குனிந்து பின்சக்கரத்தின் நடுவைத் துழாவினார். பல்சக்கரக் கொத்து திருகி ஏற்றியதாக இருந்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டியிருக்கும். சொருகி ஏற்றியதுதான். முன்பக்கப் பல்சக்கரங்கள் ஆணியடித்து இறுக்கியவையா, கழற்றக்கூடியவையா என்று பார்த்தார். கழற்றக்கூடியவை. "தப்பிச்சீங்க" என்று சைக்கிளிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் ஒரு கண் பரிசோதனை நடந்தது. பின்னால் பல்சக்கரம் பன்னிரண்டா, ஒன்பதா? பன்னிரண்டு நைசாக மாறும். ஆனால் செயின் மெலிசு, சீக்கிரம் தேயும், ஒவ்வொரு தடவையும் காசைக் கேட்கும். ஒன்பது ஜெயித்தது. பின்னால் பெரிய சக்கரம் நாற்பத்திரண்டு பல்லா, நாற்பத்தாறா? நாற்பத்தாறு. கியர் மாற்றும் லீவரும், செயினைப் பக்கவாட்டில் தள்ளும் கையும் வெவ்வேறு ஜாதியாக இருந்தால் ஒன்று சொல்வது மற்றதுக்குப் புரியாது என்று கடைக்காரர் சொன்னதால் இரண்டையும் ஒரே குடும்பத்திலிருந்து எடுத்தார்கள். விலை குறைந்த குடும்பம், ஆனால் ஒற்றுமையான குடும்பம். தேர்ந்தெடுப்பது என்றால் எதை வாங்குவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அது எதை விடுவது என்று ஒப்புக்கொள்வதாகத் தெரிந்தது. சமவெளியில் பறக்கும் வேகம் போகும். இறக்கத்தில் கால் வெறுமனே சுற்றும். போகட்டும் என்றார்.

கடைசியாக முன்பக்கப் பல்சக்கரம். முப்பது பல்லா, முப்பத்துநாலா?

"முப்பது போதும்க்கா" என்றார் கடைக்காரர், மிதியைப் பார்த்தபடி.

"போதும்னு எப்படிச் சொல்றீங்க? ஓட்டிப் பாக்கணும்."

பழுதுக்கு வந்து நின்ற இரண்டு சைக்கிள்கள் ஏறக்குறைய அந்த அளவில் இருந்தன. கடைக்கு முன்னாலிருந்த தெருவில் அம்மா முதலாவதை ஓட்டினார், இரண்டாவதை ஓட்டினார், திரும்ப முதலாவதை. முப்பதில் கால் காற்றில் சுற்றுவதுபோல இருந்தது. முப்பத்துநாலு மிதியில் அழுத்தமாக நின்றது. ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் ஒரு வார்த்தை பதில் சொல்வதுபோல இருந்தது.

"முப்பத்துநாலு."

"ஏத்தத்துக்கு முப்பதுதான் லேசா..."

"சின்னப் பிள்ளைங்களுக்குப் போடறதை எனக்குப் போடாதீங்க."

கடைக்காரர் அதற்குமேல் சைக்கிளிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கல்வளைவு. செயின் விழவில்லை. கட்டைவிரலால் ஒவ்வொரு தட்டுத் தட்ட, அது பின்னால் ஒவ்வொரு படியாக ஏறிப் பெரிய சக்கரத்தில் உட்கார்ந்தது. பாதை திரும்பியது. மிதி கனத்தது, இன்னும் கனத்தது, பிறகு பாதிச் சுற்றில் அப்படியே நின்றுவிட்டது. அவர் கால் கற்களில் ஊன்றியது.

பின்னால் வந்த பிளம்பரிடம் மூச்சிரைக்கச் சொன்னார். "செயின் கழலல."

"கழலலக்கா. பாத்துக்கிட்டுத்தான் வந்தேன்."

இத்தனை நாள் அவர் இறங்கியதற்குச் செயின் காரணமாக இருந்தது. இப்போது காரணம் எதுவும் மிச்சமில்லை. மேலே போனதும் தம்பி தண்ணீர் பாட்டிலை நீட்டி, "பரவாயில்லக்கா" என்றான்.

"பரவாயில்லைன்னு யாருடா கேட்டா?"

அந்த வாரம் கடையில் அவர் குரல் தணிந்திருந்தது. வீட்டுக்காரர் இரண்டு தடவை வேண்டுமென்றே அந்த முதல் ஆள் பேச்சை எடுத்தும் அம்மா வில்லையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வாரத்தின் நடுவில் ஓர் இளைஞர் அளவெடுக்க வந்தார். அம்மா வில்லைகளை மாற்றி மாற்றிக் காட்டினார். தேவைக்கு மேல் பவர் கூடிய ஒன்றை இளைஞர் பிடித்துக்கொண்டார்.

"இதுதாங்க. எழுத்து நல்லாக் கறுப்பா, கெட்டியாத் தெரியுது."

"கறுப்பாத் தெரியறது வேற, தெளிவாத் தெரியறது வேற. கூடுதலாப் போட்டா இப்ப ஜோராத்தான் இருக்கும். சாயங்காலம் தலைவலிக்கும். நாற்காலியில உக்காந்துக்கிட்டு முடிவு பண்ணாதீங்க, ரெண்டையும் மாட்டிக்கிட்டுப் படியில இறங்கி..."

பின்னறையில் இயந்திரம் நின்றது.

"நீ எந்தப் படியில இறங்கிப் பாத்த?"

வீட்டுக்காரர் எழுந்துகூட வரவில்லை. குனிந்த தலையோடு, கையிலிருந்த வில்லையின் விளிம்பை ஊதிக்கொண்டே கேட்டார். இளைஞருக்கு ஒன்றும் புரியவில்லை; சோதனைச் சட்டத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சைக்கிள்கடைக்கு முன்னால் தெரு பலகைபோலத் தட்டையாக இருந்தது அம்மாவுக்கு நினைவு வந்தது. கூடுதலாக இருப்பது நன்றாக இருப்பதாகத் தோன்றும் என்பதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே ஜீவனம் நடத்துகிறவர், தன் முறை வந்தபோது நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்க தம்பி, படியில இறங்கிப் பாருங்க" என்று இளைஞரை அனுப்பினார். பிறகு பின்னறைக்குக் கேட்கும்படி, "வாயைத் தொறக்கறதே வருஷத்துக்கு ஒரு தடவை. அதையும் ஆள் இருக்கிறப்பத்தான் தொறக்கணுமா?" என்றார்.

"ஆள் இல்லாதப்ப சொன்னா நீ கேக்க மாட்ட."

அன்று மாலை சைக்கிள்கடையில் அவர் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் மேசைக்கடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். முப்பது பல்.

"நான் வருவேன்னு எப்படித் தெரியும்?"

"கல்வளைவு எனக்கும் தெரியும்க்கா" என்றார், பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு.

மாற்றும் வேலையை அம்மா வீட்டுக் கூடத்தில் தானே செய்தார். பழைய துணி விரித்து, வீட்டுக்காரரைப் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வைத்து, திருகுகளை எதிரெதிராக இறுக்கினார். வில்லைச் சட்டத்தின் பொடித் திருகுகளுக்குப் பழகிய கை அது. ஒவ்வொன்றையும் கடைசிக் கால் சுற்றில் நிறுத்தி, காது கொடுத்து, பிறகே முடித்தது. முன்பக்கப் பல்சக்கரம் சிறிதானதால் செயின் தொய்ந்தது. ஒரு ஜோடிக் கண்ணியைக் கழற்ற வேண்டும். பொடிசாக இருந்தாலும் அதைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. "விட மனசில்லையா?" என்றார் வீட்டுக்காரர். "கண்ணியோட ஆணி வளைஞ்சிருக்கு" என்றார் அவர். அது உண்மையாகவும் இருக்கலாம்.

பயணத்துக்கு முந்தைய கடைசி ஞாயிறு. இரவு தூறியிருந்ததால் கற்கள் பளபளத்தன. சமவெளியில் அம்மா பின்தங்கினார். கால்கள் தையல் இயந்திரம்போலச் சுற்ற, பக்கத்தில் போனவர்கள் சிரித்தார்கள். "அக்கா, கீரையா கடையுறீங்க?" என்றார் ஒருவர். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்றம் தொடங்கியதும் ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. கடைசித் தட்டை அவர் அவசரப்படாமல் மிச்சம் வைத்துக்கொண்டார்.

வளைவில் முன்னால் போன தம்பியின் டயர் ஈரக்கல்லில் வழுக்கியது. எத்தனையோ தடவை ஏறியவன்தான். அன்று கால் ஊன்றி, பாதையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டான். கெட்டியான தடம் அவன் காலடியில் இருந்தது. வெளிப்பக்கம் உதிரிக் கற்கள்.

"வழி விடுடா."

"எங்கக்கா விடறது?"

அவர் வெளிப்பக்கம் போனார். கடைசித் தட்டு. செயின் பெரிய சக்கரத்தில் ஏறியது. பின்டயர் ஒரு கல்லை உதைத்துத் தள்ளியது, அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தது, பிடித்தது. நடக்கிறவனைவிட மெதுவான வேகம். முன்பு பாதிச் சுற்றில் நின்ற மிதி இப்போது அந்த இடத்தைக் கடந்து கீழே போனது, மறு மிதி மேலே வந்தது, அதுவும் போனது. அவர் உட்கார்ந்தபடியே, நெற்றி கைப்பிடியைத் தொடுமளவுக்குக் குனிந்து, கால்களைச் சுற்றவிட்டார். பின்னால் பிளம்பர் தன் மூச்சுச் சத்தத்தைக்கூட அடக்கிக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னார். வளைவு முடிந்தது. பாதை நேராயிற்று. கோபுரத்தின் நிழல் வந்து சக்கரத்தில் விழுந்தது.

மேலே யாரும் கைதட்டவில்லை. தட்டினால் அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தவர்கள். தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவன் முகம் மட்டும் தானே ஏறிவிட்டதுபோல விரிந்திருந்தது. பிளம்பர் தலைக்கவசத்தைக் கழற்றி, தொண்டையைச் செருமினார்.

"அக்கா, முகட்டுல ராத்திரி குளிரும். ஸ்வெட்டர் ஒண்ணு கூட எடுத்துக்குங்க."

அம்மா கோபுரத்துக்கு அப்பால் மலைமுகடு ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "டேய், இங்க வா. சீட்டைப் பிடிச்சுப் பின்சக்கரத்தைத் தூக்கு" என்றார். தம்பி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். அவர் பக்கத்தில் குனிந்து, ஒரு கையால் மிதியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் லீவரைத் தட்டினார். தட்டைப் போன்ற பெரிய சக்கரத்திலிருந்து சின்னதுவரை செயின் டக், டக்கென்று ஒவ்வொரு படியாக இறங்கியது. கோபுரத்தடியில் பேச்சு நின்றது. கடைசிப் படியைத் தொட்டதும் அவர் தலை நிமிர்ந்து, எல்லாரும் கேட்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அதைத் திரும்ப மேலே ஏற்ற ஆரம்பித்தார்.